பிஎச் சென்சார் பீக்கரில் சரி, தொட்டியில் 0.8 குறைகிறது: ஏழு மாதத்தில் இது மூன்றாவது சென்சார்

பிறைப்பையன் (பிறை, பினாங்கு) | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். பிறையில் துத்தநாக முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீர்ப் பகுதியைக் கவனித்துக்கொள்கிறேன். ஒன்றரை வருடமாகத்தான் இந்த வேலை, அதற்கு முன்பு பம்ப், மோட்டார் பக்கம் இருந்தேன்.

எங்கள் நடுநிலைத் தொட்டி ஃபைபரில் செய்தது, 6 கன மீட்டர். மேலே ஸ்டேன்லெஸ் தண்டு போட்ட மிக்சர், பக்கத்தில் காஸ்டிக் சோடா டோசிங் பம்ப். பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 8.6-இல் நிற்கும்படி பிஎல்சியில் (பம்பைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வைத்திருக்கிறோம். குரோமியம் 8-ஐ ஒட்டி நன்றாகப் படியும், துத்தநாகத்துக்கு 9 பக்கம் போக வேண்டும், அதனால் நடுவில் 8.6 என்று எனக்கு முன்னால் இருந்த அண்ணன் வைத்துவிட்டுப் போன கணக்கு. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், திரையில் 8.6 என்று ஆடாமல் அசையாமல் நிற்கிறது, அதே தண்ணீரை மொண்டு வந்து கை மீட்டரில் பார்த்தால் 9.4. கடைசித் தொட்டியில் 9.3 வருகிறது. எங்களுக்கு ஸ்டாண்டர்ட் பி (மலேசியாவின் தொழிற்சாலைக் கழிவுநீர் வரம்பு), 5.5 முதல் 9.0 வரைதான் அனுமதி, அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் வெளியே விடுவதற்கு முன் கையால் ஆசிட் ஊற்றிச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். சென்சாரைக் கழற்றி பஃபரில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) வைத்தால் 7-ஐ 7 என்கிறது, 4-ஐ 4 என்கிறது. திரும்பத் தொட்டியில் போட்டால் அதே 0.8 குறைவு.

சூப்பர்வைசர் சொல்வது, "கை மீட்டர் என்ன காட்டுகிறதோ அதற்குத் தொட்டியிலேயே திருத்திவிடு" என்று. அப்படிச் செய்தால் அன்றைக்குச் சரியாக இருக்கிறது, இரவு ஷிப்டில் மறுபடி விலகிவிடுகிறது. இதுவரை சென்சார் இரண்டு மாற்றியாகிவிட்டது, இது மூன்றாவது, ஒன்று 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். நான்காவது வாங்கக் கையெழுத்துக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. சென்சாரில் கோளாறா, என் கையில் கோளாறா, யாராவது சொல்லுங்கள்.

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட் | திங்கள், இரவு 10.52

முதலில் ஒரு கேள்வி. உங்கள் கழிவில் ஃபுளோரைடு ஏதாவது சேர்கிறதா? ஸ்டேன்லெஸ் ஊறவைக்கும் ஆசிடில், அலுமினியம் பளபளப்பாக்கும் ஆசிடில் எல்லாம் ஹைட்ரோஃபுளோரிக் இருக்கும். அமிலத் தண்ணீரில் அது இருந்தால் சென்சாரின் கண்ணாடியைத் தின்றுவிடும். நாங்கள் சிப் தொழிற்சாலைப் பக்கம் இருப்பதால் சாதாரண கண்ணாடி போட்டால் சில வாரம்கூடத் தாங்காது, அதற்கென்று தனிக் கண்ணாடி போட்ட சென்சார் வாங்குகிறோம், ஃபுளோரைடு மிக அதிகமான இடத்தில் ஆன்டிமனி சென்சார். ஏழு மாதத்தில் மூன்று என்றதும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

பிறைப்பையன் | திங்கள், இரவு 11.04

இல்லை அண்ணே, எங்களிடம் ஹைட்ரோகுளோரிக் மட்டும்தான். ஃபுளோரைடும் இல்லை, சயனைடும் இல்லை. குளோரைடு துத்தநாகக் குளியல், பிறகு மூன்று இணைதிறன் குரோமியம்.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட் (பட்டர்வொர்த்) | செவ்வாய், காலை 6.30

தம்பி, பீக்கரில் சரி, தொட்டியில் தப்பு என்று நீ எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நான்காவது சென்சாருக்கு இப்போது கையெழுத்துக் கேட்காதே.

பிஎச் எண்ணைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மில்லிவோல்ட்டைப் பார். டிரான்ஸ்மிட்டர் (சென்சார் வயர் வந்து சேரும், திரையுள்ள பெட்டி) மெனுவில் கட்டாயம் இருக்கும். சென்சார் தருவது மில்லிவோல்ட் மட்டும்தான், பிஎச் என்பது டிரான்ஸ்மிட்டர் போடும் கணக்கு. நல்ல சென்சார் 7 பஃபரில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அங்கிருந்து ஒவ்வொரு பிஎச்சுக்கும் 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட் நகரும், அமிலப் பக்கம் போனால் கூடும், காரப் பக்கம் போனால் குறையும். நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி இருக்கும், அங்கே அது 60.15. இதைத்தான் ஸ்லோப் என்கிறோம். 7 பஃபரில் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அது ஆஃப்செட். கண்ணாடி களைத்துப்போனால் ஸ்லோப் விழும், உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸ் (கண்ணாடியின் மில்லிவோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் மின்முனை) கெட்டால் ஆஃப்செட் நகரும். இந்த இரண்டும் தெரிந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறதா, எந்தப் பக்கம் சாகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தொட்டியிலேயே வைத்துக் கை மீட்டருக்கு ஏற்பத் திருத்துவதை இன்றோடு விட்டுவிடு. சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொல். நோய் எது என்று தெரிவதற்கு முன்னால் எண்ணைத் தள்ளி வைத்தால், அந்த 0.8 எங்கிருந்து வருகிறது என்று காட்டும் தடயத்தையே அழித்துவிடுகிறாய். கடையில் தராசுக்கு அடியில் யாரோ விரல் வைத்திருக்கும்போது எடைக்கல்லை மாற்றிக்கொண்டிருந்தால் எப்படி?

சரி, நான் கேட்பதை எடுத்து வந்து போடு. மூன்று சென்சாரும் கையில் இருந்தால் மூன்றையும் நன்றாகக் கழுவி, புது பஃபரில் 7-இலும் 4-இலும் மில்லிவோல்ட் எவ்வளவு என்று எழுது. பஃபர் எத்தனை டிகிரி என்பதும் வேண்டும். அப்புறம் சென்சார் தொட்டியில் எங்கே தொங்குகிறது, காஸ்டிக் விழும் இடத்துக்கு எவ்வளவு தூரம். கடைசியாக, இதுதான் முக்கியம், ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தொட்டியில் அல்லது அதைச் சுற்றி எதையாவது புதிதாக மாட்டினீர்களா? அதற்கு முன்பு சென்சார் எவ்வளவு நாள் உழைத்தது?

கிள்ளான்_ரப்பர் | செவ்வாய், காலை 9.18

எங்களிடமும் இதே மாதிரி ஒரு வருடம் ஓடியது, ஆனால் எங்களுக்குக் காரணம் அழுக்குதான். கையுறைத் தொழிற்சாலை, ரப்பர் பால் படலம் கண்ணாடியை மூடிவிடும், சென்சார் செத்தது மாதிரி மெதுவாக நகரும். புதிதாக வந்த பையன் ஒருவன் கையேட்டில் இருப்பதைப் பார்த்து ஆசிடில் முக்கிவிட்டான். ரப்பர் பால் ஆசிட் பட்டால் திரிந்து கெட்டியாகிவிடும் அல்லவா, அது கண்ணாடியோடும் ஜங்ஷனோடும் (ரெஃபரன்ஸ் தண்ணீரைத் தொடும் நுண்துளை வாய்) பிடித்துக்கொண்டு வரவே இல்லை. ரப்பர் படலம் என்றால் முதலில் சோப்புத் தண்ணீர், லேசான காரம். உங்களுக்கு உலோக ஹைட்ராக்சைடு என்பதால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் சரி. எது படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதில் கழுவுவது என்று முடிவு செய்ய வேண்டும், இதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பிறைப்பையன் | செவ்வாய், இரவு 9.40

அண்ணே, மதியமே உட்கார்ந்து எடுத்துவிட்டேன். பஃபர் 30 டிகிரி. பழைய இரண்டும் டிராயரில் இருந்தன.

முதல் சென்சார் 7-இல் +38, 4-இல் +178. இரண்டாவது 7-இல் +4, 4-இல் +149. இப்போது ஓடும் மூன்றாவது 7-இல் -6, 4-இல் +169. மூன்றாவது ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது, இரண்டாவது நிற்க நாலைந்து நிமிடம் ஆனது.

சென்சார் ஒரு பிவிசி குழாயில் தொட்டிக்கு மேலிருந்து தொங்குகிறது, காஸ்டிக் விழும் இடத்திலிருந்து ஒரு முழம்தான் இருக்கும். தொட்டியைக் கழுவ இறக்கும்போது சென்சார் காற்றில் நிற்கும், தைப்பூசத்துக்கு லைன் நிறுத்தினோமே, அப்போது மூன்று நாள் அப்படியே தொங்கியது என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது இரண்டாவது சென்சார் போட்டிருந்தோம்.

முன்பு சென்சார் ஒன்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது என்று பழைய பதிவேட்டில் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் மிக்சருக்கு இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டினார்கள், அதற்கு முன் நேரடியாக ஓடியது. இரவு ஷிப்டில் தண்ணீர் குறைவு என்பதால் மிக்சர் வேகத்தைக் குறைப்போம்.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட் | செவ்வாய், இரவு 10.25

தம்பி, அருமையாக எடுத்திருக்கிறாய். கணக்கைப் போட்டுப் பார்.

30 டிகிரியில் 7 பஃபர் உண்மையில் 6.98, 4 பஃபர் 4.01. வித்தியாசம் 2.97. மூன்றாவது சென்சாரில் -6-க்கும் 169-க்கும் இடையே 175 மில்லிவோல்ட், 2.97-ஆல் வகுத்தால் 58.9. இருக்க வேண்டியது 60.15, அதாவது 98 சதவீதம். புதுச் சென்சார் இப்படித்தான் இருக்க வேண்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது 145 மில்லிவோல்ட், 81 சதவீதம். 85-க்குக் கீழே போனால் பொதுவாக மாற்றச் சொல்வார்கள். ஆனால் ஆஃப்செட் +4 தான், ரெஃபரன்ஸ் நன்றாக இருக்கிறது, கண்ணாடிதான் காய்ந்துபோயிருக்கிறது. தைப்பூசத்து மூன்று நாள் வேலை அது. கண்ணாடியின் மேல்தோல் ஈரமாக இருந்தால்தான் ஹைட்ரஜன் அயனியை உணரும், காய்ந்தால் மந்தமாகிவிடும். இதைத் தூக்கிப் போடாதே, ஊறவைத்துப் பார்க்கலாம்.

முதலாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஸ்லோப் 78, அதோடு ஆஃப்செட் +38. 30-ஐத் தாண்டினால் ரெஃபரன்ஸ் போய்விட்டது என்று அர்த்தம். ரெஃபரன்ஸ் என்பது உள்ளே வெள்ளிக் கம்பி, மேலே வெள்ளி குளோரைடு, சுற்றிப் பொட்டாசியம் குளோரைடு ஜெல். சல்ஃபைடு உள்ளே போனால் கறுத்துக் கெடும். உங்களிடம் சல்ஃபைடு இல்லை என்றால் அதைக் கெடுக்க இன்னொரு வழி இருக்கிறது, அதன் வழியாக ஓயாமல் மின்னோட்டம் ஓடவிடுவது. இப்போது நீ சொன்ன இன்வெர்ட்டரையும் இரவு ஷிப்டையும் இதோடு சேர்த்துப் பார். எனக்கு இது கிரவுண்ட் லூப் என்று படுகிறது.

விளக்குகிறேன். ஃபைபர் தொட்டி மின்சாரம் கடத்தாது, ஆகவே தண்ணீருக்குத் தரையோடு தொடர்பு மிக்சர் தண்டு வழியாக மட்டும்தான். தண்டு மோட்டாரோடு, மோட்டார் எர்த்தோடு. இந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரின் 4–20 மில்லி ஆம்ப் சிக்னல் பிஎல்சிக்குப் போகிறது, பிஎல்சி கார்டு மின்தொடர்பு பிரிக்கப்படாத வகையாக இருந்தால் அதுவும் எர்த்தோடு. நடுவில் சென்சாரின் ரெஃபரன்ஸ் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வட்டம் முடிந்துவிட்டது பார்: தண்ணீர், தண்டு, எர்த், பிஎல்சி, டிரான்ஸ்மிட்டர், ரெஃபரன்ஸ், மறுபடி தண்ணீர். ஸ்டேன்லெஸ்ஸும் வெள்ளி குளோரைடும் ஒரே தண்ணீரில் இருந்தால் அதுவே ஒரு பேட்டரி மாதிரி, அதோடு இன்வெர்ட்டரின் கசிவும் சேர்கிறது. மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் சென்சாரின் ஜங்ஷனைக் கடக்கும்போது சில பத்து மில்லிவோல்ட்டை விட்டுவிட்டுப் போகும். உன் 0.8 பிஎச் என்பது 48 மில்லிவோல்ட். பீக்கரில் வைத்தால் வட்டம் அறுந்துவிடும், அதனால்தான் அங்கே சரியாகக் காட்டுகிறது.

நாளை வாளிச் சோதனை செய். பிளாஸ்டிக் வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, காய்ந்த பலகை மேல் வை, சென்சாரை வயரோடு அப்படியே அதில் இறக்கு. என்ன காட்டுகிறது என்று எழுது. பிறகு ஒரு செம்புக் கம்பியின் ஒரு முனையைத் தொட்டித் தண்ணீரிலும் மறுமுனையை வாளியிலும் விடு. எண் குதித்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து சென்சாரைத் தொட்டியில் திரும்பப் போட்டு மிக்சர் இன்வெர்ட்டரை நிறுத்திப் பார், பிறகு மிக்சரை ஓடவிட்டு பிஎல்சிக்குப் போகும் 4–20 வயர் இரண்டையும் கழற்றிப் பார். டிரான்ஸ்மிட்டருக்குத் தனி மின்சாரம் வந்தால்தான் அது முடியும், அந்த வயரிலேயே மின்சாரம் வாங்கும் வகை என்றால் திரை அணைந்துவிடும். டோசிங் பம்பை முதலில் கையியக்கத்துக்கு மாற்றி நிறுத்திவிட வேண்டும், மறந்தால் காஸ்டிக் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆய்வுக்கூடத்து_அக்கா (ஜூரு) | புதன், காலை 7.50

தம்பி, அண்ணன் மின்சாரப் பக்கம் சொல்லிவிட்டார், நான் பஃபர் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் பத்து வருடமாக நான் பார்க்கும் தவறு எல்லாம் இங்கேதான் நடக்கிறது.

உன் கை மீட்டரை எதை வைத்துத் திருத்தினாய்? இரண்டு சாட்சியும் ஒரே பழைய பஃபரைக் குடித்திருந்தால் யாரை நம்புவது? திறந்து எத்தனை மாதம் ஆனது என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா பார். 10 பஃபர் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சித் தானாகக் கீழே இறங்கும், திறந்த பாத்திரத்தில் மதியம் வரை வைத்திருந்தால்கூட நம்ப முடியாது. பயன்படுத்திய பஃபரைப் பாட்டிலில் திரும்ப ஊற்றுவதை எங்கே பார்த்தாலும் தடுத்து நிறுத்து, ஒரு முறை ஊற்றினால் மொத்தப் பாட்டிலும் போச்சு.

நீ 8.6-இல் ஓட்டுகிறாய், ஆகவே 7-உம் 10-உம் வைத்துத் திருத்துவதுதான் உன் எண்ணை இரண்டு பக்கமும் கட்டும். 10-க்குப் புதுப் பாக்கெட் கிடைக்காத நாளில் 7, 4 வைத்துச் செய்யலாம், பழைய 10-ஐவிட அது எவ்வளவோ மேல். வெப்பநிலையைப் பார்க்காமல் 10.01 என்று அடித்துவிடாதே, 30 டிகிரியில் அது 9.97 பக்கம்தான் இருக்கும், பாட்டிலின் பின்னால் அட்டவணை இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஸ்லோப்பை மட்டும்தான் சரிசெய்யும். தண்ணீரின் பிஎச்சே சூட்டில் மாறுவதை அது தொடாது.

தொட்டியிலிருந்து எடுத்ததும் கழுவாமல் முதலில் 7-இல் வைத்து என்ன காட்டுகிறது என்று எழுது. பிறகு கழுவி மறுபடி எழுது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உனக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று சொல்லும், வேறு யார் சொல்வதும் ஊகம். கழுவிய பிறகு 0.1-க்குள் இருந்தால் திருத்தத்தைத் தொடவே தொடாதே, அப்படியே தொட்டியில் போடு. டிஷ்யூவை வைத்துத் தேய்க்காதே, ஒற்றி எடு, தேய்த்தால் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறி எண் கொஞ்ச நேரம் அலையும். ஊறவைக்கக் காய்ச்சி வடித்த நீர் கூடவே கூடாது, உள்ளே இருக்கும் உப்பை அது வெளியே இழுத்துவிடும், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு வை.

கழுவும் ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் போதும், ஐந்து நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர். உங்களிடம் சயனைடு இல்லை என்று சொன்னாய், நல்லது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன், சயனைடு லைனில் இருந்து எடுத்த சென்சாரை நேராக ஆசிடில் முக்காதீர்கள், ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். ஹைப்போகுளோரைட் தொட்டியில் இருந்து எடுத்ததையும் அப்படித்தான், குளோரின் வரும். தண்ணீரில் முழுக்கக் கழுவிய பிறகுதான் ஆசிட் பக்கம் கொண்டு போக வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில்.

பிறைப்பையன் | புதன், இரவு 8.30

அக்கா, என் 10 பஃபர் திறந்து ஐந்து மாதம். கொட்டிவிட்டேன். கை மீட்டரைப் புதுப் பாக்கெட்டில் திருத்திய பிறகும் தொட்டித் தண்ணீர் 9.4 தான்.

அண்ணே, வாளிச் சோதனை முடிந்தது. கேளுங்கள். வாளியில் சென்சார் 9.38. கை மீட்டரும் 9.4. கம்பியை விட்டதும், நானும் கூட இருந்த பையனும் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், 8.7-க்கு இறங்கியது. எடுத்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. நாலு தடவை செய்து பார்த்தோம்.

சென்சாரைத் தொட்டியில் போட்டு இன்வெர்ட்டரை நிறுத்தினால் 9.1. முழுக்கச் சரியாகவில்லை. மிக்சரை மறுபடி ஓடவிட்டு பிஎல்சி வயரைக் கழற்றினேன், 9.4-க்கு வந்து நின்றுவிட்டது! டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாக 230 வோல்ட் வருகிறது, அதனால் திரை ஓடியது.

சார்ஜ்மேன் (எங்கள் மின்சாரப் பொறுப்பாளர்) வந்து மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தார். எர்த் வயர் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பச்சை பிடித்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஆசிட் ஆவி படும் இடம்.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட் | புதன், இரவு 9.10

நீ செய்த சோதனையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இன்வெர்ட்டர் நின்றதும் 8.6-இல் இருந்து 9.1, அது கசிவின் பங்கு. மீதி 0.3 ஸ்டேன்லெஸ் தண்டு பேட்டரியின் பங்கு. பிஎல்சி வயரை எடுத்ததும் வட்டமே இல்லை, இரண்டும் போய்விட்டன. பகலில் நீங்கள் திருத்தியது இரவில் விலகியதும் இதனால்தான், மிக்சர் வேகம் மாறும்போது கசிவும் மாறுகிறது.

எர்த் வயர் முதலில் சரியாக வேண்டும். அது பிஎச் விஷயம் மட்டும் இல்லை, யாராவது ஈரக் கையோடு அந்தத் தண்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். சார்ஜ்மேன் சரிசெய்து கையெழுத்துப் போடும் வரை அந்த மிக்சரை ஓட்டாதே. அப்புறம் டிரான்ஸ்மிட்டருக்கும் பிஎல்சிக்கும் நடுவே ஒரு சிக்னல் ஐசொலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு மின்தொடர்பை அறுக்கும் கருவி) போடு, சென்சார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகவே வரும். எர்த் சரியானாலும் ஐசொலேட்டரை விட்டுவிடாதே, தண்டும் ரெஃபரன்ஸும் சேர்ந்த அந்த பேட்டரி அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த முறை சென்சார் வாங்கும்போது தண்ணீரைத் தொடும் எர்த் ஊசி உள்ள வகையாகப் பார். அந்த ஊசியை டிரான்ஸ்மிட்டரில் அதற்கென்று இருக்கும் முனையில் கட்ட வேண்டும், அங்கே ரெஃபரன்ஸோடு சேர்த்து ஒரு சிறு ஜம்பர் போட்டிருப்பார்கள், அதை எடுக்க மறந்தால் ஊசி இருந்தும் பயன் இல்லை. நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

சென்சார் இடத்தையும் மாற்று. காஸ்டிக் விழும் இடத்துக்கு ஒரு முழத்தில் வைத்தால் கலக்காத காஸ்டிக்கைத்தான் அது பார்க்கும், பம்ப் நின்று நின்று ஓடும். தண்ணீர் வெளியேறும் வாய்க்கு அருகே, எதிர்ப்பக்கம் கொண்டு போ. குழாயைத் தொட்டியின் மிகக் குறைந்த மட்டத்துக்கும் கீழே வரும்படி நீட்டு, தொட்டியை இறக்கும் நாளில் சென்சாரைக் கழற்றி மூடியில் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு கரைசல்) ஊற்றி மாட்டிவிடு. படுக்கையாக மாட்டும் இடம் வந்தால் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 15 டிகிரி உயர்த்து, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி கண்ணாடி முனைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குழாய்க்குள் கனெக்டர் இருக்கிறதல்லவா, அங்கே ஈரம் போகக் கூடாது. கண்ணாடியின் மின்தடை நூறு மெகாஓம் அளவில் இருக்கும், ஒரு துளி ஈரம் போதும், சிக்னல் ஒழுகிப் போகும். அப்போது எதில் முக்கினாலும் 7 என்றே காட்டும். கண்ணாடி விரிசல் விட்டாலும் எல்லாப் பஃபரிலும் ஒரே எண்தான் வரும். வயரைச் சாதாரண வயர் வைத்து நீட்டாதே. அந்தக் கோஆக்ஸ் வயரில் உலோக வலைக்கு அடியில் ஒரு கறுப்புத் தோல் இருக்கும், பிளாஸ்டிக் மாதிரி தெரியும், ஆனால் மின்சாரம் கடத்தும். முனை கட்டும்போது அதை நன்றாகப் பின்னுக்குச் சீவாவிட்டால் நடுக்கம்பியும் வலையும் தொட்டுக்கொண்டது மாதிரிதான்.

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட் | புதன், இரவு 9.34

எங்கள் பக்கம் கொஞ்ச காலமாக மெமோசென்ஸ் மாதிரி டிஜிட்டல் சென்சாருக்கு மாறிவிட்டோம். தலையில் உலோகத் தொடர்பே இல்லை, காந்தப் புலம் வழியாகத் தகவல் போகிறது, அதனால் ஈரமும் பயமில்லை, சென்சாருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே மின்தொடர்பு அறுந்துவிடுவதால் இந்த லூப் பிரச்சினையும் வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் மேசையில் உட்கார்ந்து திருத்திவிட்டு, கொண்டு வந்து மாட்டினால் போதும், திருத்திய கணக்கு சென்சாருக்குள்ளேயே இருக்கும். டிரான்ஸ்மிட்டரையும் மாற்ற வேண்டும் என்பதால் செலவு இருக்கிறது. பட்ஜெட் எழுதும் மாதம் வந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

ஆய்வுக்கூடத்து_அக்கா | வியாழன், காலை 8.05

இன்னொன்று தம்பி. உங்கள் சூப்பர்வைசர் கோபப்படாமல் கேட்க வேண்டும் என்றால் இப்படிச் சொல். உண்மையான பிஎச் 9.4 என்றால் தேவைக்கு மேல் காஸ்டிக் வாங்கி ஊற்றி, பிறகு அதை அடக்க ஆசிட்டும் வாங்கி ஊற்றியிருக்கிறீர்கள். அது மட்டும் இல்லை, குரோமியம் ஹைட்ராக்சைடு அதிகக் காரத்தில் மறுபடி கரைய ஆரம்பிக்கும், கீழே படிய வேண்டியது தெளிந்த தண்ணீரோடு வெளியே போகும். ஸ்டாண்டர்ட் பி-யில் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம்தான் இடம், துத்தநாகத்துக்கு 2.0. கடைசித் தொட்டியில் ஆசிட் ஊற்றி பிஎச்சை மட்டும் 8.5-க்கு இறக்கினால், ஏற்கெனவே கரைந்து வந்த உலோகம் அங்கே படியத் தொட்டியும் இல்லை, நேரமும் இல்லை. இந்த எட்டு மாதத்து ஆய்வறிக்கைகளை எடுத்துக் குரோமியம் ஏறியிருக்கிறதா என்று உங்கள் சான்று பெற்ற அதிகாரியோடு உட்கார்ந்து பார். ஏறியிருந்தால் மறைக்க வேண்டாம், காரணமும் சரிசெய்ததும் பதிவேட்டில் இருக்கட்டும். ஜூரு ஆற்றைச் சின்ன வயதில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பிறைப்பையன் | பத்து நாள் கழித்து, ஞாயிறு மாலை 5.20

திரும்ப வந்து சொல்லாமல் போனால் நியாயமில்லை.

எர்த் வயரைச் சார்ஜ்மேன் புதிதாகப் போட்டு, லக்குக்கு மேல் மூடி வைத்தார். ஐசொலேட்டர் போன செவ்வாய் வந்தது, மாட்டியாகிவிட்டது. சென்சாரைத் தண்ணீர் வெளியேறும் பக்கம் மாற்றி, குழாயை ஒரு அடி நீட்டியிருக்கிறேன். இப்போது தொட்டியில் 8.6, கை மீட்டரில் 8.63, இரவு ஷிப்டிலும் அதே. டோசிங் பம்ப் முன்பு மாதிரி விட்டு விட்டுத் துடிப்பதில்லை, நிதானமாக ஓடுகிறது. கடைசித் தொட்டியில் ஆறு நாளாகக் கையால் ஆசிட் ஊற்றவில்லை.

அக்கா சொன்ன மாதிரி ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். கழுவும் முன் எவ்வளவு, கழுவிய பின் எவ்வளவு, மில்லிவோல்ட் இரண்டு, வெப்பநிலை, யார் செய்தது. முதல் வாரம் கழுவும் முன் 7.16, கழுவிய பின் 6.99, ஆகவே வாரம் ஒரு முறை கழுவினால் போதும் என்று தெரிகிறது. திருத்தத்தைத் தொடவில்லை. சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லைனுக்கும் ஒன்று போடச் சொன்னார். ஆய்வறிக்கைகளை எடுத்தோம், மூன்று மாதம் குரோமியம் ஏறியிருக்கிறது, வரம்புக்குள்தான், ஆனால் முன்பைவிட அதிகம். அதிகாரி அதைப் பதிவு செய்திருக்கிறார்.

பழைய சென்சார் இரண்டையும் ஆசிடில் கழுவி, 3 மோலார் கேசிஎல்லில் இரண்டு நாள் ஊறவைத்தேன். இரண்டாவது தேறிவிட்டது, 7-க்கும் 4-க்கும் இடையே இப்போது 168 மில்லிவோல்ட், 94 சதவீதம், சீக்கிரமாகவும் நிற்கிறது. முதலாவது 7-இல் +36-ஐ விட்டு இறங்கவில்லை. அதை உடைத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளிக் கம்பி பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது, அண்ணன் சொன்ன குளோரைடு பூச்சையே காணோம்.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட் | ஞாயிறு, மாலை 6.02

நல்லது தம்பி. அந்த 94-ஐ உதிரியாக வைத்துக்கொள். மூடியில் கேசிஎல் முனை நனையும் அளவுக்கு ஊற்றி, நிமிர்த்தி நிறுத்தி வை, ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதே, மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து வற்றியிருக்கிறதா என்று பார். உடைத்த கம்பியைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வை, அடுத்து வரும் பையனுக்குக் காட்டலாம்.